கோலுக்குப் பத்து ரூபாய்

நம் பள்ளி ஆண்டு மலர்க் குழுவினர் பள்ளி நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வகுப்பறையில் நான் கிழித்தது என்ன என்று என் செட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நாலு மணிக்கு மேல் வ.உ.சி. மைதானத்தில்தான் எனக்குப் பள்ளிக்கூடமே தொடங்கும். அதனால் கால்பந்தாட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஆடியவர்களுக்கு இந்த மலரில் வருஷம் தவறாமல் இடம் உண்டு, கோப்பையோடு படமும் வரும். சுற்றி நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்க்கவில்லை. நான் அந்தக் கோஷ்டி.

எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் நாக் அவுட் போட்டி என்றால் பள்ளி, கல்லூரி, போலீஸ், மில் அணிகள் எல்லாம் வரும். டிக்கெட் கிடையாது. மதில் மேல் ஒரு வரிசை, சைக்கிள் கேரியரில் ஏறி நின்றபடி ஒரு வரிசை, சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிக் குத்தவைத்தபடி சின்னப் பையன்கள். லைன்ஸ்மேன் ஓட இடமிருக்காது. கொடிக் கம்பாலேயே எங்கள் முட்டியில் தட்டிக்கொண்டு ஓடுவார். பால் ஐஸ், சுண்டல், தை மாசமானால் அவித்த பனங்கிழங்கு. தோல் உரித்து நார் எடுப்பதற்குள் ஒரு கோல் போயிருக்கும்.

எங்கள் இடம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால். எதிரணிக் கோலியை ஆட்டம் முடியும்வரை வைது தீர்ப்பதுதான் வேலை. "ஏல கோலி, ஒங்கம்மை தேடுதாவ, வீட்டுக்குப் போல!" கடற்கரைப் பக்கத்து அணி ஒன்றின் கோலி, நெட்டைப் பையன், ஒரு தடவை பொறுக்க முடியாமல் திரும்பி, "நீ வந்து நில்லுல, பாப்போம்" என்றான். அந்த நேரம் பார்த்துப் பந்து வந்தது. திரும்பாமலே கால் நீட்டித் தடுத்தான் என்று இன்றுவரை எங்கள் செட்டில் சத்தியம் பண்ணுகிறவர்கள் உண்டு. பட்டுத் திரும்பியது என்பது என் கட்சி. ஆட்டம் முடிந்ததும் அவனே முருகன்குறிச்சி டீக்கடையில் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "யாருல எங்கம்மையச் சொன்னது?" என்று கேட்டான். டீக்குக் காசு நாங்கள்தான் கொடுத்தோம்.

மைக்செட்டைச் சொல்லாமல் விட முடியாது. மேசை மேல் கோப்பை, அதன் மேல் பூத்துவாலை, பக்கத்தில் மைக். ஆட்டம் மந்தமானால் மைக்காரர் ஆரம்பிப்பார்: "அடுத்த கோலை அடிக்கும் வீரருக்கு, மார்க்கெட் அரிசிக்கடை அண்ணாச்சி அன்பளிப்பு ரூபாய் பத்து." உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வரும். "அதைத் தடுக்கும் கோல்கீப்பருக்கு ரூபாய் பதினைந்து." கோல் விழுந்தால் அடித்தவன் நேரே மேசைக்கு ஓடுவான். நோட்டை வாங்கி ஸ்டாக்கிங்கில் செருகிக்கொண்டு திரும்ப ஓடுவான். ரெஃப்ரி அதுவரை பூட் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார், பார்க்காத மாதிரி. அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்த அண்ணாச்சி அடுத்த நாள் கடையில் அரிசி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அது தன் கோல் என்றே சொல்வார். யாரும் மறுத்ததில்லை.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிப் பக்கமிருந்து அணி வந்தால் ஊரே வேனிலும் லாரியிலும் மேளத்தோடு வந்து இறங்கும். அவர்கள் கோயில் திருவிழாவை ஒட்டி மணலில் ஆடிப் பழகியவர்கள். சரள் மண்ணில் பந்து குதிக்கிற குதியைப் பார்த்து முதல் பத்து நிமிஷம் திணறுவார்கள், அப்புறம் எங்களைத் திணறடிப்பார்கள். தோற்றால் கல்லும் வரும். ஜெயித்தாலும் சில தடவை வந்திருக்கிறது.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அக்கா தங்கைகள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எந்தத் தெரு எந்த அணிக்குக் கத்தும் என்பதில் சாதி இருந்தது. சண்டை எங்கே மூளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த மாதிரி மலர்களில் அதை எழுதுவதில்லை என்பதால் நான் எழுதிவைக்கிறேன்.

1990 ஜூன் 8, இத்தாலி உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம். நம் நேரத்துக்கு இரவு ஒன்பதரை. தெருவில் ஒரு தபால் ஆபீஸ்காரர் மட்டும் கதவைத் திறந்துவைப்பார். டயனோரா பெட்டி, கறுப்பு வெள்ளை. ரெஃப்ரி கையைத் தூக்கினால் மஞ்சள் அட்டையா சிவப்பு அட்டையா என்று தெரியாது. ஆள் வெளியே நடந்தால் சிவப்பு. அன்று கேமரூன் ஆட்கள் இரண்டு பேர் நடந்தார்கள். ஆனாலும் ஒமாம் பியிக் தலையால் அடித்த ஒரு கோலில் மரடோனாவின் அர்ஜென்டினா கவிழ்ந்தது. அந்த உலகக் கோப்பையில்தான் 38 வயது ரோஜர் மில்லா கோல் அடித்துவிட்டுக் கார்னர் கொடியடியில் இடுப்பை ஆட்டினார். அதற்குப் பிறகு வ.உ.சி. மைதானத்தில் கோல் அடித்த ஒவ்வொருவனும் கார்னர் கொடிக்கு ஓடினான். நம் டிரில் சார் அந்தக் கம்பைப் பிடுங்கியே கெண்டைக்காலில் போட்டார்.

ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் படங்கள் விடுதிச் சுவரில் ஏறியதும் அந்த வருஷங்களில்தான். வாழ்நாளில் நேரில் பார்க்கப்போகாத ஆட்களுக்காக நாங்கள் கத்தக் கற்றுக்கொண்டோம். அதன் பிறகு கேபிள் வந்தது, மைதானத்தில் ஆள் குறைந்தது. முழுப்பழியையும் டிவி மேல் போடுவது சரியில்லை. மில் அணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பந்தாடினால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை போனது. நாலு மணிக்கு ட்யூஷன் வந்தது. கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2003-ல் லண்டன் வந்து ஈஸ்ட் ஹாமில் வீடு பிடித்தேன். காரணம் எல்லாத் தமிழர்களுக்கும் உள்ள காரணம்தான்: முருங்கைக்காய் கிடைக்கும், கோயில் பக்கம். நடக்கிற தூரத்தில் ஒரு பந்தாட்ட மைதானம் இருந்தது தற்செயல். அப்டன் பார்க், வெஸ்ட் ஹாம் அணியின் இடம். 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பை ஜெயித்தபோது கேப்டன் பாபி மூரும், இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த ஹர்ஸ்ட், பீட்டர்ஸ் இருவரும் இந்த அணிக்காரர்கள். நான் வந்த வருஷம் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது, அதனால் என்னைப் போன்றவனுக்கும் டிக்கெட் கிடைத்தது.

ஆட்ட நாளில் கிரீன் ஸ்ட்ரீட்டைப் பார்க்க வேண்டும். சேலைக் கடை, நகைக் கடை, ஹலால் கறிக்கடை என்று நம் ஜங்ஷன் பஜார் மாதிரியான தெரு. அதன் நடுவே கருஞ்சிவப்பும் இளநீலமும் போட்ட வெள்ளைக்காரக் கூட்டம் ஆறாய்ப் போகும். பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருவர், குஜராத்தி, என்னிடம் சொன்னார்: "எழுபது எண்பதுகளில் ஆட்ட நாளென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருப்போம். இப்போது திறந்துவைக்கிறேன். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை." கூட்டத்தில் அடிதடிக் கும்பல்கள் இருந்த காலம் அது. நம் நிறத்துக்காரர்கள் அன்று மைதானப் பக்கம் தலைகாட்டவே யோசிப்பார்கள்.

உள்ளே எல்லோருக்கும் நாற்காலி. பாளையங்கோட்டைக்காரனுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏன் என்று பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் கேட்டேன், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். "ஹில்ஸ்பரோ" என்று ஒரே வார்த்தை சொன்னார். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரில் கோப்பை அரையிறுதி. ஏற்கெனவே நிறைந்திருந்த, கம்பி வேலி போட்ட நின்று பார்க்கும் பகுதிக்குள் மேலும் கூட்டத்தை விட்டதில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் நசுங்கி இறந்தார்கள். பழியை முதலில் ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். போலீஸ் தவறுதான் என்று விசாரணையில் நிலைநாட்ட 2016 வரை ஆனது. அந்தச் சாவுகளை விசாரித்து 1990-ல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பிறகு மேல்மட்ட மைதானங்களில் நிற்கும் படிகளை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார்கள்.

அன்று இரவு எனக்கு நம் ஊர் சவுக்குக் கம்பு கேலரி நினைவுக்கு வந்தது. இறுதி ஆட்டத்துக்கென்று கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். நாங்கள் சேர்ந்து குதித்தால் கிறீச் கிறீச் என்று ஆடும், ஆடுவதற்காகவே குதிப்போம். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் பந்தாட்டம்) இறுதி ஆட்டத்தில் அப்படிப்பட்ட கேலரி ஜனங்களோடு சரிந்த வீடியோ வந்தபோது முழுசாகப் பார்க்க முடியவில்லை.

2016-ல் வெஸ்ட் ஹாம் அந்த மைதானத்தை விட்டுப் போனது. மே 10, கடைசி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று ஜெயித்தார்கள். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. தெருவில் நின்றேன். யுனைடெட் பஸ் மேல் பாட்டில் பறந்து, ஆட்டமே முக்கால் மணி நேரம் தாமதம். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். புது இடம் ஸ்ட்ராட்ஃபர்டில், 2012 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய அரங்கம். அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும், ஆனால் ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டியதால் ஆட்டக்காரன் எங்கேயோ இருக்கிறான். திட்டினால் கேட்காது. 2018-ல் பர்ன்லியிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது ஒரு ரசிகர் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் நடு வட்டத்தில் நட்டார். எனக்கு நம் டிரில் சார் ஞாபகம்.

ரயிலை விட்டு இறங்கினால் ஷாப்பிங் மால் வழியே நடக்க வேண்டும். திரும்பும்போது பலகை பிடித்த பணியாளர்கள் 'நில்', 'போ' என்று கூட்டத்தை நிறுத்தி நிறுத்தி விடுகிறார்கள். டிக்கெட் ஃபோனில், சார்ஜ் போனால் ஆட்டமும் போச்சு. 2019-லிருந்து வீடியோ ரெஃப்ரி வேறு. கோல் விழுந்தால் பாதி சத்தத்தில் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள். மைக்செட் காலத்தில் இதை வைத்திருந்தால் அண்ணாச்சியிடம் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

பெரியவர் புது அரங்கத்துக்கு ஒரு சீசன் வந்தார். பழைய மைதானத்தில் சுற்றியிருந்தவர்களையெல்லாம் இங்கே வேறு வேறு பகுதியில் போட்டுவிட்டார்கள், திட்டினால் சிரிக்கக்கூட ஆளில்லை என்றார். அடுத்த சீசன் அவர் இடத்தில் சுற்றுலா வந்த ஒரு ஜோடி, ஆட்டம் முழுக்க செல்ஃபி எடுத்தது. எனக்கு அந்த அரங்கம் ஒட்டவே இல்லை. என் மகளுக்கு அதுதான் மைதானம். இடித்துப்போட்ட பழையதில் அவள் ஆட்டம் பார்த்ததில்லை. தோழிகளோடு போகிறாள், அதில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி. திட்டுவதில் அப்பனை மிஞ்சிவிட்டாள். 2023 ஜூனில் பிராகாவில் ஃபியோரென்டினாவை 2-1 என்று வென்று, 1980-க்குப் பிறகு முதல் பெரிய கோப்பையை வெஸ்ட் ஹாம் தூக்கிய இரவில் அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். ஷட்டரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உள்ளே இருக்கிறார்கள். பழைய மைதானத்துக்காக நான் எவ்வளவு புலம்பினாலும் இந்தக் கணக்கை விட்டுவிட முடியாது.

போன தடவை பாளையங்கோட்டை போனபோது வ.உ.சி. மைதானம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுசாகியிருந்தது, ஒழுங்கான கேலரியோடு. மாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் அதிகம். பையன்கள் பந்தாடுவது டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில், மணிக்கு இவ்வளவு என்று ஆளுக்குக் காசு போட்டு, விளக்கு வெளிச்சத்தில். சுற்றிலும் வலை. நின்று பார்க்கிறவன் தன் முறைக்காகக் காத்திருக்கிறவன் மட்டும்தான். முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ. 2014-லிருந்து ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் நடந்து, சென்னையின் எஃப்.சி. அணி இரண்டு தடவை கோப்பை வாங்கியும், சென்னை ஜெர்சியில் ஒருவனைக்கூடக் காணவில்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து போய் ஐ.எஸ்.எல். ஆடிய மைக்கேல் சூசைராஜைத் தெரியுமா என்றேன். ஒருத்தன் மட்டும், "ஜம்ஷெட்பூர்ல இருந்தவர்தான அண்ணாச்சி?" என்றான். அவனுக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா மகன் லிவர்பூல் ரசிகன். இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை நேரலையாகக் காட்டக் கூடாது என்று அறுபதுகளிலிருந்தே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் சின்ன மைதானங்களுக்கு ஆள் போகாது என்பதற்காக. அதனால் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் நடக்கிற ஆட்டத்தை என்னால் டிவியில் பார்க்க முடியாது. பாளையங்கோட்டை மொட்டை மாடியில் பாயைப் போட்டுக்கொண்டு அவன் ஃபோனில் பார்க்கிறான், அங்கே ராத்திரி எட்டரை. நான் கடையில் பால் வாங்கிக்கொண்டிருக்கும்போது, "மாமா, பெனால்டி" என்று செய்தி வரும். நைரோபியில் ஒருவன், ஜகார்த்தாவில் ஒருவன் என்று அவனோடு கத்துவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எதிரணிக்காரர்களை அவன் வைகிற வசவு எங்கள் காலத்து வசவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து "யாருல சொன்னது?" என்று கேட்கத்தான் யாராலும் முடியாது.

அவன் அடுத்த வருஷம் படிக்க இங்கே வரலாம் என்கிறான். லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு, மாமாவால் முடிந்தது வெஸ்ட் ஹாம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "அதுக்கு நான் டர்ஃபுலயே கெடந்துக்கிடுதேன் மாமா" என்று பதில் வந்தது.