பி.ஆர்.எஃப்.: முதல் நாலு டியூப் வீணான கணக்கு

பி.ஆர்.எஃப். என்பது ஆளிடமே எடுத்த ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் சுழற்றி, பல் எடுத்த குழிக்குள் வைக்கிற உறைந்த ஃபைப்ரின் கட்டி. 12 நிமிடம் சுற்றி முடித்து மூடியைத் திறந்தால் அந்தக் கட்டியே இல்லை. மேலே மஞ்சள் தண்ணி, கீழே சிவப்புத் தண்ணி, அவ்வளவுதான். கடைவாய்ப்பல் எடுத்த குழியோடு ஆள் நாற்காலியில் காத்திருக்கிறார். டியூப்பின் மூடியைப் பார்த்தால் ஊதா.

மதுரை சர்ஜிக்கல் கடை ஒன்றுக்குப் போனில் "பெரிய பிளட் டியூப்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஊதாவில் இ.டி.டி.ஏ., வெளிர் நீலத்தில் சோடியம் சிட்ரேட். இரண்டும் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது. நமக்கு உறைந்தால்தான் வேலையே. பாதித் தப்பு கடைக்காரர் மேல், மீதி எங்கள் மேல்.

அடுத்த தடவை சிவப்பு மூடி என்று அழுத்திச் சொன்னோம். வந்தது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சிவப்பில் பெரும்பாலும் சீக்கிரம் உறைய வைக்கும் சிலிக்காவை உட்புறம் பூசியிருப்பார்கள். கட்டி ஜோராக வரும், ஆனால் சிலிக்காத் துகளும் கூடவே குழிக்குள் போய்விடும். சீரம் பிரிக்கும் லேபுக்கு அது சரி, வாய்க்குள் வைக்கச் சரியில்லை. மஞ்சள் மூடியில் ஜெல் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். கடையில் சொல்ல வேண்டியது இதுதான்: கண்ணாடி, பிளெயின், 10 மில்லி, உள்ளே ஒன்றும் பூசாதது. நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்.

மூன்றாவது டியூப்பைக் கொன்றது நேரம். 2001-ல் பிரான்சில் ஷுக்ரூன் குழுவினர் கொண்டுவந்த முறையின் சாரமே, எதுவும் கலக்காத ரத்தத்தை உடனே சுழலவிடுவதுதான். ஊசி ஏறியதும் உறைதல் ஆரம்பித்துவிடும். எதிர்ப்பக்கம் எடை சமன் செய்ய இன்னொரு டியூப்பில் தண்ணி நிரப்பி வைக்காமல், ரத்தம் எடுத்த பிறகு அதைத் தேடிக்கொண்டிருந்தோம். 3 நிமிடம் போய்விட்டது. வந்த கட்டி கஞ்சி ஆடை மாதிரி, இடுக்கியில் பிடித்தால் நழுவுகிறது. இப்போது தண்ணி டியூப் முதலிலேயே உள்ளே இருக்கும், மெஷின் மூடி திறந்திருக்கும், ரத்தம் எடுக்கிற கைக்கு எட்டுகிற தூரத்தில் மெஷின். ஊசி 21 கேஜுக்கு மெல்லியதாக வேண்டாம். ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தால் டியூப்பிலேயே உறைந்துவிடும்.

நாலாவதுக்கு இ.பி. காரணம். மாதாந்திரப் பராமரிப்பு நாள் என்பதை மறந்து ஆளை வரச் சொல்லியாயிற்று. இன்வெர்ட்டர் இருந்தது, ஆனால் மெஷின் செருகியிருந்த பிளக்குக்கு அந்த லைன் இல்லை. 5-ஆம் நிமிடம் நின்றது. திரும்ப ஓடவிட்டுப் பயனில்லை, அடுக்குகள் கலைந்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகும் கட்டி சின்னதாக, இறுகிப்போய் வந்தது. நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம் என்று எல்லோரும் ஒப்பிக்கிறோமே, அது எந்த மெஷினில் என்று யாரும் கேட்பதில்லை. விசை என்பது 0.00001118 × ஆரம் (செ.மீ.) × சுற்றின் வர்க்கம். மையத்திலிருந்து டியூப் அடி வரை 5 செ.மீ. என்றால் 2700 சுற்றில் புவியீர்ப்பைப் போல் சுமார் 400 மடங்கு. 10 செ.மீ. என்றால் 800-ஐத் தாண்டும். ஸ்கேல் வைத்து அளந்தோம்: எங்களுடையது 10. சுற்றை 1900-க்கு இறக்கியதும் விரல் நுனி அளவுக்குக் கொழுகொழுவென்று கட்டி வந்தது. மெஷின் கம்பெனி கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மற்றது சுலபம். கட்டியை இடுக்கியால் தூக்கி, அடியில் ஒட்டிய சிவப்பில் ஓரிரு மில்லிமீட்டர் விட்டுவிட்டு வெட்ட வேண்டும். வெள்ளையணுக்கள் அந்த எல்லையில்தான் அதிகம், அதனால் சுத்தமாக வெட்டிவிடாதீர்கள். குழிக்குள் வைத்து மேலே எட்டு வடிவத் தையல்.

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டி தளர்வாகத்தான் வரும். இதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர்களுக்குக் கொலாஜன் பிளக் (குழியை அடைக்கக் கடையில் கிடைக்கும் கொலாஜன் புரத அடைப்பு) போதும். அது உலர்ந்தபடியே உள்ளே போக வேண்டும். ஈரக் கையுறையில் எடுத்தால் வழியிலேயே சுருங்கிப் பிசினாகிவிடும். பல கம்பெனிகளில் அது மாட்டிலிருந்து வருவது, மீன் கொலாஜனும் கிடைக்கிறது. எதிலிருந்து என்று வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டை.

முன்பல் ஒன்றை லேசாக எடுத்த இடத்துக்கு இதெல்லாம் தேவையில்லை, பஞ்சைக் கடித்தால் ஆறிவிடும். கீழ் ஞானப்பல்லில்தான் உண்மையான லாபம்: வெற்றுக் குழி வலி (டிரை சாக்கெட்: குழியில் உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிவதால் வருவது) குறைகிறது. எலும்பு மளமளவென்று வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அந்த அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை.

"எங்கிட்ட எடுத்த ரத்தத்தை எனக்கே வச்சுட்டு, அதுக்குக் காசும் கேக்குறீகளா டாக்டர்?" என்றார் மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். டியூப்புக்கும் ஊசிக்கும்தான் என்றோம். நம்பியதாகத் தெரியவில்லை.

வெற்றுக் குழி வலி வருவதாக இருந்தால் பெரும்பாலும் 2-லிருந்து 4 நாளுக்குள் வரும், காதுவரை இழுக்கும். அதனால் மூன்றாம் நாள் பெரியவருக்குப் போன் போட்டோம். "வலியே இல்ல. இளநி மட்டும் ஸ்ட்ரா போட்டுக் குடிச்சேன்." உறிஞ்சக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்தது அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. உடனே வரச் சொல்லிப் பார்த்தோம். தையல் அப்படியே, கட்டியும் குழிக்குள்ளேயே இருந்தது.