மேசைக்கு அடியிலிருந்து வந்த பதில்

அவன் இரண்டாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது ஏழு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று கோப்பில் இருந்தது. பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். "வெளியே வா, நிமிர்ந்து உட்கார், என் முகத்தைப் பார்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு நாள் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு. 52இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டேன். வகுப்பு முழுக்க விழித்தது. "இருபத்தஞ்சு" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அதற்குள் அவன் அம்மாவிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன், பையன் பாடத்தையே கவனிப்பதில்லை என்று. "நீங்க நடத்துனதை வீட்டுல வந்து அப்படியே சொல்றானே டீச்சர்" என்று அவரும் மூன்று முறை சொன்னார். நான் நம்பவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. முதுகு நிமிர்ந்திருக்கிறதா, கண் என்மேல் இருக்கிறதா என்பதை வைத்தே யார் கவனிக்கிறார்கள் என்று அத்தனை வருடமும் முடிவு செய்திருக்கிறேன்.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு ஒருவர் முகத்தைப் பார்ப்பது ஒரு வேலை, அவர் பேசுவதைப் புரிந்துகொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் ஒன்று நழுவும். விளக்கு வெளிச்சம், நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் நமக்குப் படுவதைவிடப் பல மடங்காக அவர்களைத் தாக்கலாம். இந்தப் புலன் கூர்மை மனநலக் குறைபாடுகளை அடையாளம் காண அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. என் ஆசிரியர் பயிற்சி அதற்கும் முந்தையது. மேசைக்கு அடியில் வெளிச்சமும் சத்தமும் குறைவு. அவன் பாடம் கேட்பதற்காகத்தான் அங்கே போனான்.

ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரிந்துகொள்ளாமை இரு பக்கமும் இருக்கிறது, அதை அந்தக் குழந்தையின் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். படித்தபோது அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் சிலவற்றை மாற்றினேன். அன்றைய வேலைகளைப் படங்களாகப் பலகையின் ஓரத்தில் ஒட்டினேன். ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் ஐந்து நிமிடம் முன்பே சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. மூலையில் ஒரு பாயைப் போட்டு, யார் வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்து எழுதலாம் என்றேன்.

"ஒருத்தனுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார் சக ஆசிரியர் ஒருவர். உண்மைதான், கேட்டார்கள். ஒரு வாரம் பாயில் இடமே இல்லை. அடுத்த வாரம் அந்த ஆசை தீர்ந்து அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது அவனும் ஒரு பெண் குழந்தையும்.

அவளை நான் எதிர்பார்க்கவே இல்லை. அழகான கையெழுத்து, கண் எப்போதும் என்மேல், ஒரு புகார்கூடக் கிடையாது. வீட்டில் விசாரித்தேன். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தினமும் ஒரு மணி நேரம் அழுகிறாள் என்றார்கள். பள்ளியில்தான் நன்றாக இருக்கிறாளே, வீட்டில்தான் ஏதோ தப்பு என்று அதுவரை தங்களையே நொந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களைப் பார்த்து அவர்களைப் போலவே இருந்து காட்டுவதில் அவளுடைய பலம் முழுக்கக் கரைந்துகொண்டிருந்தது. பெண் குழந்தைகளிடம் இப்படி மறைவது அதிகம் என்பதால் பலரை வெகு தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். என்ன காரணம் என்று சொல்வது மருத்துவரின் வேலை, அதனால் நிபுணரைப் பார்க்கும்படி மட்டும் சொன்னேன். ஆனால் பாயில் உட்கார விடுவதற்கு யாருடைய சான்றும் தேவைப்படவில்லை. சில வாரங்களில் மாலை அழுகை குறைந்தது.

எல்லாக் குழந்தைகளும் பொதுப்பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று 1994இலேயே ஸ்பெயினில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டின் சலமான்கா பிரகடனம் சொல்லிவிட்டது. சேர்த்துக்கொள்கிறோம், சரி. ஆனால் ஓர் ஆசிரியர் ஒரு வருடம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டது, குழந்தை அடுத்த வகுப்புக்குப் போகும்போது கூடவே போவதில்லை. அதனால் ஆண்டு முடிவில் இருவருக்கும் ஆளுக்கொரு தாள் எழுதினேன். அவன் தாளில்: "முகத்தைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பதிலுக்குப் பத்து எண்ணும்வரை பொறுங்கள்." அவள் தாளில்: "உதவி கேட்க மாட்டாள். கேட்காமலே கொடுங்கள்."

அடுத்த வகுப்பு ஆசிரியை இரண்டாவது தாளோடு வந்தார். "இவளுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கா?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.