வில்கொக்ஸனில் வந்து நின்ற என் ஆய்வு

நெறிமுறை அனுமதி, கிளினிக்கில் தரவு சேகரிப்பு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது பகுப்பாய்வில்தான். நீரிழிவு நோயாளருக்குப் பாதப் பராமரிப்பு பற்றி விளக்கம் கொடுத்து, முன்னும் பின்னும் ஒரே வினாக்கொத்தால் அவர்களின் அறிவை அளக்கும் ஆய்வு. எஸ்பிஎஸ்எஸ் (புள்ளிவிபர மென்பொருள்) தெரிந்தாலும் இரவு டியூட்டியோடு தரவு பதிய நேரமில்லை. மட்டக்களப்பு டவுனில் காசுக்குச் செய்துகொடுக்கும் ஒருவரிடம் கொடுத்தேன்.

வந்ததைப் பார்த்தால் முழுக்க இன்டிபென்டன்ட் டி-டெஸ்ட்! அது இரண்டு வெவ்வேறு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை. நான் கேட்டதோ அதே ஆட்களிடம் இரண்டு தரம். சொன்னால், "மிஸ், பி பெறுமதி 0.05க்குக் கீழேதானே வந்திருக்கு, பிறகென்ன?" என்கிறார். (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி பெறுமதி. சோதனையே பிழையென்றால் அது குறைவாக வந்தும் பயனில்லை.) அதைவிட மோசம், முன் தரவையும் பின் தரவையும் தனித்தனிக் கோப்பில் பதிந்து, புள்ளி வரிசையில் அடுக்கியிருந்தார். யாருடையது எது என்றே தெரியாது. பெயர் எழுதக்கூடாது என்பதால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்புப் பேனையால் குறியீட்டு எண் போட்டிருந்தேன், அதுதான் காப்பாற்றியது. கல்லடியில் இருக்கும் தங்கச்சி எண்ணை வாசிக்க வாசிக்க எல்லாவற்றையும் மறுபடி பதிந்தேன். ஒரு நோயாளிக்கு ஒரு நிரை. முன் புள்ளியும் பின் புள்ளியும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில்.

அப்புறம் ஷாபிரோ-வில்க், தரவு செவ்வன் பரம்பலில் (மணி வடிவில்) இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பலர் சறுக்குவது இங்கேதான்: பெயர்ட் டி-டெஸ்டுக்குச் (அதே ஆட்களை இரண்டு தரம் அளந்தால் போடுவது) செவ்வன் பரம்பலில் இருக்கவேண்டியது முன், பின் புள்ளிகளின் வித்தியாசம், அவை தனித்தனியே அல்ல. என்னுடையது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மாதிரியும் சிறியது. ஆகவே செவ்வன் பரம்பல் தேவைப்படாத வில்கொக்ஸன் சைன்ட்-ரேங்க் சோதனை. இடைக்கு (சராசரி) பதில் இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமதி). ஆம்/இல்லை வினாக்களில் முன்-பின் மாற்றத்தைப் பார்க்க மக்னிமர் சோதனை.

கை-வர்க்கத்திலும் (இரண்டு வகைப்பாடுகளுக்கு இடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) அவர் கைவரிசை இருந்தது. கல்வித் தரத்துக்கும் அறிவு மட்டத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டிய அட்டவணையில் அடிக்குறிப்பை வெட்டிவிட்டு ஒட்டியிருந்தார். எஸ்பிஎஸ்எஸ் தரும் வெளியீட்டுக் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், அட்டவணையின் பாதிக் கூடுகளில் எதிர்பார்த்த எண்ணிக்கை (தொடர்பே இல்லாவிட்டால் வரவேண்டியது) 5க்கும் குறைவு! 20 வீதத்துக்கு மேல் கூடுகள் அப்படி இருந்தால் அந்தப் பி பெறுமதியை நம்பாமல் விடுவதுதான் வழக்கம். சிறிய எண்ணிக்கைகளுக்கும் பொருந்தும் ஃபிஷர் எக்ஸாக்ட் சோதனை போட்டதும் 'தொடர்பு' காணாமல் போனது. பரவாயில்லை, தொடர்பில்லை என்றே எழுதினேன். (எஸ்பிஎஸ்எஸ்ஸில் இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு ஃபிஷர் தானாக வரும், பெரியதற்கு 'எக்ஸாக்ட்' தெரிவை நாமே எடுக்கவேண்டும்.)

வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) முதல் கேள்வியே, "ஏன் டி-டெஸ்ட் இல்லை?" வித்தியாசங்களின் வரைபடத்தைக் காட்டினேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

வெளியில் கொடுத்துச் செய்விப்பதென்றால் வெளியீட்டுக் கோப்பையும் கையோடு வாங்குங்கள். வேர்டில் ஒட்டித் தந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.