40 கேபியில் ஒரு உலகம்

1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் மொத்த அளவே 40 கேபிதான். அதில் வானத்து மேகத்தையும் தரையில் உள்ள புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. விளையாட்டைப் பதிந்து விற்ற கார்ட்ரிட்ஜ் என்ற சின்னப் பெட்டியில் இடம் கிடையாது, அதனால் அப்படி. அந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் சிடி வந்தது, முப்பரிமாணம் வந்தது. ஒளிக்கதிர் எங்கே பட்டு எப்படித் தெறிக்கும் என்று அந்தக் கணமே கணக்கிடும் கிராபிக்ஸ் கார்டுகள் 2018-இல் வீட்டுக் கணினிக்கே வந்துவிட்டன. அழகு கூடியது, சரி. ஆனால் 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகளுக்கு நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு செலவானால் புதிதாக எதையும் முயல யாருக்குத் துணிச்சல் வரும்?

அதனால்தான் சின்னக் குழுக்களின் விளையாட்டுகளைத் தேடித் தேடி ஆடுகிறேன். 2016-இல் வந்த ஸ்டார்டியூ வேலியின் நிரல், படங்கள், இசை எல்லாமே எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்தது!