கேட்டால்தான் பேசும் டூப்ளிகேட் கண்ட்ரோலர்: எக்ஸ்பேட் டிரைவரில் ஒரு திருத்தம்

எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரைப் போலச் செய்யப்பட்ட, பெட்டியில் கம்பெனிப் பெயர்கூட இல்லாத டூப்ளிகேட் ஒன்று என் பழைய மடிக்கணினியில் ஒருவழியாக முழுமையாக வேலை செய்கிறது. இரண்டு ஸ்டிக்குகளும் சரியான நடுப்புள்ளிக்குத் திரும்புகின்றன. டிரிகர்கள் இரண்டும் அழுத்தத்துக்கு ஏற்ப 0 முதல் 255 வரை அளவு காட்டுகின்றன. சூப்பர்டக்ஸ்கார்ட் விளையாட்டில் வண்டி சுவரில் மோதினால் அதிர்வும் வருகிறது. "இந்த மாதிரிச் சரக்கெல்லாம் லினக்ஸில் ஓடாது, விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறியவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணினி, கேரளத்தின் தமிழக எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டில் இருப்பது. கேரளப் பள்ளிகளுக்காக அம்மாநில அரசின் கைட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஐ.டி. அட் ஸ்கூல் குனு/லினக்ஸ் 18.04 அதில் நிறுவப்பட்டுள்ளது. அதன் அடிப்படை உபுண்டு 18.04; லினக்ஸின் உட்கருவான கெர்னலின் பதிப்பு 4.15. புதிய பதிப்புக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் என் அக்காள் மகன் கணினிப் பாடத்துக்கு அதைத்தான் பயன்படுத்துகிறான், அவனுடைய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் கோப்புகளும் பழகிய அமைப்புகளும் அதில்தான் உள்ளன. ஒரு கண்ட்ரோலருக்காக அவற்றைக் கலைக்க எனக்கு மனமில்லை.

நோய்க்குறி இந்தக் கைவேலையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானதே. கேபிளை மாட்டியவுடன் கெர்னல் பதிவில் "மைக்ரோசாஃப்ட் எக்ஸ்-பாக்ஸ் 360 பேட்" என்று அழகாக வரும். தயாரிப்பாளரைக் குறிக்கும் வென்டார் எண் தசமத்தில் 1118, பொருளைக் குறிக்கும் புராடக்ட் எண் 654, இன்டர்ஃபேஸ் வகுப்பு 255, துணைவகுப்பு 93, புரோட்டோகால் 1. அசலில் உள்ளவை அத்தனையும் அப்படியே இருக்கும். லினக்ஸில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கண்ட்ரோலர்களை இயக்கும் டிரைவரான எக்ஸ்பேடும் மறுப்பின்றிப் பற்றிக்கொள்ளும். ஆனால் நான்கு விளக்குகளும் விடாமல் மின்னும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒரு தரவுப் பேக்கெட்கூட வராது. சில வினாடிகளில் கண்ட்ரோலர் தானே இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, வேறு வென்டார் எண்ணுடன் ஆண்ட்ராய்டுக்கான சாதாரண கேம்பேடாக மறுபிறவி எடுக்கும். "மாமா, இது ரெண்டு பேர் வச்சிருக்கு" என்று அக்காள் மகன் கூறியது மிகச் சரியான நோயறிதல்.

இரண்டாம் பெயரிலேயே அதை ஏற்றுக்கொண்டு, எந்தப் பட்டன் எது என்று விளையாட்டுகளுக்குச் சொல்லும் எஸ்.டி.எல். நூலகத்தின் மேப்பிங் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும் என்பது பலர் சொல்லும் வழி. பட்டன்கள் அதில் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேடத்தில் டிரிகர்கள் வெறும் பட்டன்களாகிவிடுகின்றன, அதிர்வும் கிடைப்பதில்லை. கார்ப் பந்தயத்தில் பாதி வேகம் என்ற ஒன்றே இல்லாமல் ஓட்டுவதை ஏற்பாடு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர்ச் சந்தையில் கடைக்காரர், வருபவர் தமிழில் கேட்கிறாரா மலையாளத்தில் கேட்கிறாரா என்று ஒரு கணம் காத்திருந்து, கேட்ட மொழியிலேயே விலை சொல்வார். இந்தக் கண்ட்ரோலரும் அதையே செய்கிறது என்பது என் ஊகமாக இருந்தது. அது விண்டோஸ் கேட்கும் ஏதோ ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறது. கேள்வி வராவிட்டால் எதிரே இருப்பது கணினி அல்ல, கைப்பேசி என்று முடிவு கட்டிவிடுகிறது. அப்படியானால் டிரைவரின் அட்டவணையில் புதிய எண்களைச் சேர்ப்பதால் பயனில்லை. எண்கள் ஏற்கெனவே பொருந்துகின்றன. அந்தக் கேள்வி எது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஃபிளக்ஸ் அச்சடிக்கும் கடைச் சேட்டனின் விண்டோஸ் கணினி உதவியது. கேபிளில் போகும் வரும் தரவைப் பதிவுசெய்ய அங்கே யூ.எஸ்.பி.பிகாப், இங்கே லினக்ஸில் யூ.எஸ்.பி.மான், இரண்டு பதிவுகளையும் திறந்து படிக்க வயர்ஷார்க். முதலில் சந்தேகம் விழுந்தது 238ஆம் எண் ஸ்டிரிங் டிஸ்கிரிப்டர் மீது, அதாவது சாதனம் தன்னைப் பற்றித் தரும் ஓர் எழுத்துக் குறிப்பின் மீது. விண்டோஸ் ஒரு சாதனத்தை முதன்முறை சந்திக்கும்போது அந்த எண்ணில் 18 பைட் கேட்டு, "எம்.எஸ்.எஃப்.டி.100" என்ற கையொப்பம் வருகிறதா என்று பார்க்கும், லினக்ஸ் அதைக் கேட்பதே இல்லை. பார்த்தவுடன் இதுதான் என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் அந்த விடையைத் தன் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை கேட்காது; அப்படிக் கேட்காத இரண்டாம் இணைப்பிலும் கண்ட்ரோலர் ஒழுங்காகவே வேலை செய்தது. ஆகவே குற்றவாளி அதுவல்ல.

இரண்டு பதிவுகளையும் வரிவரியாக ஒப்பிட்டபோது எஞ்சியது ஒரே ஒரு கண்ட்ரோல் கோரிக்கை. கோரிக்கை வகை 193, அதாவது சாதனத்திலிருந்து கணினிக்கு, வென்டார் வகை, இன்டர்ஃபேஸை நோக்கியது. கோரிக்கை எண் 1, மதிப்பு 256, குறியீடு 0, நீளம் 20 பைட். இதன் அமைப்பைக் கவனித்தால், விசைப்பலகை, மவுஸ் போன்ற எச்.ஐ.டி. சாதனங்களிடம் "உன் தற்போதைய நிலையைச் சொல்" என்று கேட்கும் கோரிக்கையின் அச்சாகவே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரின் உள்ளீட்டு அறிக்கையும் 20 பைட்தான். விண்டோஸின் டிரைவர் இதை எப்போதும் கேட்கிறது, 4.15 கெர்னலின் எக்ஸ்பேட் ஒருபோதும் கேட்பதில்லை. அசல் கண்ட்ரோலருக்கு இது வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றே என்பதால் பல ஆண்டுகளாக யாருக்கும் குறை தெரியவில்லை.

சோதனைக்குப் பைதான் மொழியும் அதிலிருந்து யூ.எஸ்.பி. சாதனங்களோடு பேச உதவும் பையூ.எஸ்.பி. நூலகமும் போதும். எக்ஸ்பேடைக் கழற்றாமலேயே இதை அனுப்ப முடியும் என்பது நல்ல வசதி. இன்டர்ஃபேஸ் வேறு டிரைவரின் கையில் இருந்தாலும், வென்டார் வகைக் கோரிக்கைகளை, நிரல்கள் யூ.எஸ்.பி. சாதனங்களை அணுகக் கெர்னல் தரும் வழியான யூ.எஸ்.பி.எஃப்.எஸ். தடுப்பதில்லை. கேபிளை மாட்டி உடனே ஸ்கிரிப்டை ஓட்டினேன்: விளக்குகள் மின்னுவது நின்றது, முதல் விளக்கு மட்டும் நிலையாக எரிந்தது, உள்ளீடுகளைக் காட்டும் ஈவ்டெஸ்ட் நிரலின் திரையில் எண்கள் கொட்டத் தொடங்கின.

பலர் இத்தகைய ஸ்கிரிப்டை, சாதனம் மாட்டப்பட்டதும் தானே ஓடும்படி, லினக்ஸின் யூ.டெவ் விதியில் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வேகமான கணினியில் அது போதும். என் மடிக்கணினியிலோ, கண்ட்ரோலர் மாட்டிய நிலையிலேயே கணினியை இயக்கினால், யூ.டெவ் விழித்து, பைதான் எழுந்து, நூலகங்களை ஏற்றி முடிப்பதற்குள் கண்ட்ரோலர் பொறுமையிழந்து ஆண்ட்ராய்டு வேடத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே கோரிக்கை கெர்னலுக்குள்ளிருந்தே போக வேண்டும்.

இங்கேதான் அதிக நேரம் செலவிட்டேன். கோரிக்கையை எந்த இடத்தில் வைப்பது? பின்வந்த கெர்னல்களின் எக்ஸ்பேடில் இதே கோரிக்கை சேர்க்கப்பட்டுவிட்டது; அங்கே ஏதேனும் ஒரு நிரல் கண்ட்ரோலரைத் திறக்கும்போது இயங்கும் பகுதியில் அது உள்ளது. கேட்டால் மட்டுமே அறிக்கை அனுப்புவேன் என்று சும்மா காத்திருக்கும் கண்ட்ரோலர்களுக்கு அது சரியான இடம். என் கையில் இருப்பதோ காத்திருக்காத வகை. விளையாட்டைத் திறக்கும் முன்பே அது வேடம் மாறிவிடும். எனவே டிரைவர் சாதனத்தைப் பற்றும் புரோப் கட்டத்திலேயே, விளக்குக் கட்டளைக்கு முன்பாக, அதை வைத்தேன். பதில் வராவிட்டால் பதிவில் ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு மேலே செல்ல வேண்டுமேயன்றி, பிழையென்று திரும்பிவிடக் கூடாது. அப்படித் திரும்பினால் டூப்ளிகேட்டைக் காப்பாற்றப் போய் வேறொரு நல்ல கண்ட்ரோலரைக் கெடுத்ததாகிவிடும். காத்திருப்பு நேரத்தையும் புதிய எக்ஸ்பேடில் உள்ளபடி 25 மில்லிவினாடி என்றே வைத்தேன்.

புதிய எக்ஸ்பேடின் வரிகளை அப்படியே நகலெடுத்து 4.15இல் ஒட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதனத்தின் பதிலைப் பெற அதில் பயன்படும் துணைச்செயற்கூறு கெர்னல் 5.10இல்தான் வந்தது. அது தன் பங்குக்கு நினைவகத்தைத் தனியே ஒதுக்கிக்கொள்வதால், அழைப்பவர் ஸ்டாக்கில், அதாவது செயற்கூற்றின் தற்காலிக நினைவகத்தில், இருக்கும் 20 பைட்டைக் கொடுத்தாலும் கேடில்லை. பழைய செயற்கூற்றிடம் அதே ஸ்டாக் இடத்தைக் கொடுத்தால், டி.எம்.ஏ.க்கு (வன்பொருள் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறைக்கு) உகந்ததல்ல என்று கெர்னல் மறுத்துவிடும். நினைவகத்தை முறையாக ஒதுக்கி, வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். கூடுதலாகச் சில வரிகள்தான். ஆனால் அவை இல்லாவிட்டால் கோரிக்கை கேபிளையே எட்டாது.

திருத்திய டிரைவர் மாட்யூலை, மாட்யூல்களைக் கெர்னலுக்கேற்பக் கட்டித் தரும் டி.கே.எம்.எஸ். வழியாக நிறுவியுள்ளேன், கெர்னல் புதுப்பிப்பு வந்தாலும் தானே மறுபடி கட்டப்பட்டுவிடும்.

வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். வேலந்தாவளம் வழியாகப் பேருந்தேறிக் கோயம்புத்தூர் காந்திபுரத்துக்குச் சென்று வாங்குவதே எனக்கு வசதி. கூரியரில் வரவழைத்தால் திருப்பி அனுப்புவதற்குள் ஆயுள் போய்விடும். ஆனால் அதே கடையில், அதே பெட்டியில், அதே படத்துடன் வாங்கிய இன்னொன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே வேறு பலகை. இரண்டிலும் சிப் கரும்பிசின் பொட்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் எண் படிக்கவும் வழியில்லை. கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார். நல்லவேளையாக அந்த இரண்டாவதும் இதே கேள்விக்கு மசிந்தது.

அடுத்து மேசையில் இருப்பது பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரின் டூப்ளிகேட். அதன் நோய் இதற்கு நேர்மாறானது. அங்கே டிரைவர் கேட்கும் கேள்விகளுக்குக் கண்ட்ரோலரிடம் விடையில்லை. அளவீட்டுத் தரவு வேண்டி 2ஆம் எண் அறிக்கையையும், கண்ட்ரோலரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் விவரம் வேண்டி 163ஆம் எண் அறிக்கையையும் டிரைவர் கேட்கிறது. டூப்ளிகேட்டுகள் மௌனம் சாதிக்கின்றன, அல்லது முழுக்கச் சுழியம் அனுப்புகின்றன. அந்தச் சுழியத்தால் வகுக்க நேர்ந்தால் கெர்னலுக்கே ஆபத்து. புதிய கெர்னல்களில் இதற்கான தளர்வுகள் வந்துள்ளன, அவற்றை 4.15க்குப் பின்னிழுப்பது பெரிய வேலை என்பதால், அதற்கு மட்டும் வேறொரு கணினியைப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.

அதற்கு முன் முடிக்க வேண்டிய மிச்சம் இதிலேயே ஒன்று உண்டு. மடிக்கணினியை மூடித் திறக்கும்போது போர்ட்டில் மின்சாரம் அறாமல் இருந்தால் புரோப் மறுபடி ஓடுவதில்லை; உறக்கத்திலிருந்து எழும்போது இயங்கும் ரெஸ்யூம் பகுதிதான் ஓடுகிறது. உறக்கத்தில் கேள்வியை மறந்துவிட்ட கண்ட்ரோலர் மீண்டும் மின்னத் தொடங்குகிறது. அதே கோரிக்கையை ரெஸ்யூமிலும் அழைத்துப் பார்த்தேன். சில சமயம் எழுகிறது, சில சமயம் கண்ட்ரோலர் தயாராகும் முன்பே கோரிக்கை போய்விடுகிறது. நடுவில் சிறு தாமதம் வைப்பதா, பதில் வராவிட்டால் மறுபடி கேட்பதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. அதுவரை அக்காள் மகன் மூடியைத் திறந்ததும் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொள்கிறான்.