கொழுந்தனார் கணக்கும் என் பயோடேட்டாவும்

நவம்பர் 3, 2025, திங்கள்

பாப்பாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பயோடேட்டா அடிக்க வேண்டும் என்றதும் அங்கிருந்த தம்பி யாரோ ஒருவருடைய ஃபைலைத் திறந்து, பெயரை அழித்து என் பெயரைப் போட்டான். இருபது நிமிஷம், மூன்று பக்கம், 150 ரூபாய்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால் எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு கிரிக்கெட், கேரம் என்று இருக்கிறது. முந்தின ஆளுடையது. மதம், தேசியம், அப்பா பெயர், கல்யாணம் ஆனதா என்பதற்கெல்லாம் அரைப் பக்கம். ஏழு வருஷம் கணக்குப் பார்த்த வேலைக்கு இரண்டே வரி. முதல் பக்கத்துத் தலையில் ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் முன்னேற்றத்துக்கு’ என்று ஒரு நீளமான வாக்கியம். 2012இல் பி.காம். முடித்தபோதும் இதே வாக்கியத்தைத்தான் வைத்திருந்தேன். அதற்கு மட்டும் வயதே ஆகவில்லை.

நவம்பர் 5, புதன்

வேலை தேடும் வெப்சைட்டான நௌக்ரியில் 2017இல் தொடங்கிய கணக்கு ஒன்று இருந்தது. திறக்கப் போனால் ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பரை விட்டு நாலு வருஷம் ஆச்சு. சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன். எடுத்தவர், ‘ஆமாங்க, ஏதோ ஓடிபி வந்திருக்கு, சொல்லட்டுங்களா?’ என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. வேண்டாங்க என்று வைத்துவிட்டுப் புது மெயில், இப்போதைய நம்பரில் புதிதாக ஆரம்பித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆடிட்டர் ஆபீசில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் பழைய கம்பெனிக் கணக்கை அவர்தான் பார்ப்பார், அந்தப் பழக்கம். பயோடேட்டாவை வாங்கி, முதல் பக்கத்தில் பாதிகூடப் படிக்கவில்லை, டீபாயில் வைத்துவிட்டார்.

‘இதுல கணக்கு சாப்ட்வேர் டேலி ஈஆர்பி 9னு போட்டிருக்கியே கண்ணு, அது போய் டேலி பிரைம் வந்தே அஞ்சு வருஷமாச்சு. இதைப் பார்த்தாலே நீ எப்ப வேலையை விட்டேன்னு சொல்லிடுவாங்க.’

உண்மைதான். நான் வேலையை விட்டது 2019 ஏப்ரலில், பாப்பா வயிற்றில் இருந்தபோது. ஜிஎஸ்டி வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்புறம் கொரோனா, மாமியார் ஆபரேஷன் என்று போய்விட்டது. நடுவில் 2020 ஆகஸ்டில் ஜிஎஸ்டிஆர்-2பி வந்தது, சப்ளையர்கள் காட்டிய பில்களின் மாதாந்திரப் பட்டியல். அக்டோபரில் பெரிய கம்பெனிகளுக்கு, பில்லை அரசு போர்ட்டலில் பதிகிற இ-இன்வாய்ஸ் வந்தது. வருஷ விற்பனை 500 கோடி என்று ஆரம்பித்த அந்த வரம்பு 2023 ஆகஸ்டில் ஐந்து கோடிக்கு இறங்கிவிட்டது. இப்போது செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருள்களுக்கு 12 சதவீதமும் 28 சதவீதமும் கிடையாது.

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கே நிறுத்தினார். ‘வீட்ல சும்மா இருக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?’

கொழுந்தனார் லேத் பட்டறைக் கணக்கு நான்தான் பார்க்கிறேன் என்றேன். பில் போடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன், நடுமாதங்களில் 25ஆம் தேதிக்குள் சலான் கட்டுவது, பார்ட்டியிடம் வர வேண்டிய பாக்கியைத் துரத்துவது. 2021இலிருந்து. சமையல் முடித்துவிட்டு ராத்திரி செய்கிற வேலை.

‘அப்புறம் எங்கடி இடைவெளி?’ என்றார்.

எனக்கு அது வேலை என்றே தோன்றவில்லை. சம்பளம் வாங்கவில்லையே. தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துத் தருவார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே பக்கமாக எழுதினோம். ‘கணக்கு வேலைகள் அனைத்தையும் கவனித்தேன்’ என்றிருந்ததை அடித்துவிட்டு, மாதம் எத்தனை பில், எத்தனை சப்ளையர், எத்தனை பேங்க் கணக்கு டேலி செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய கம்பெனியில் மாதம் சுமார் 400 பர்ச்சேஸ் பில், மூன்று பேங்க். பட்டறையில் மாதம் 60 பில், 2021 முதல் ஒரு ரிட்டர்னுக்கும் லேட் ஃபீஸ் கட்டியதில்லை. கடைசியில் சொன்ன இதைத்தான் அக்கா மேலே தூக்கிப் போட்டார். உறவுக்காரர் பட்டறை என்பதை மறைக்க வேண்டாம், பகுதி நேரம் என்றும் சேர்த்து எழுது, கேட்டால் அப்படியே சொல்லு என்றார்.

நவம்பர் 10, திங்கள்

கொழுந்தனாரிடம் லெட்டர்ஹெட்டில் ஓர் அனுபவச் சான்று கேட்டேன். ‘நமக்குள்ள எதுக்கு அண்ணி லெட்டரெல்லாம்?’ என்றார். வேலைக்குப் போகப் போகிறேன் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தார். சீல் பட்டறையில் இருக்கிறதாம்.

நவம்பர் 13, வியாழன்

டேலி பிரைமைக் காசு கட்டாமல் எஜுகேஷனல் மோடில் ஓட்டிப் பழகுகிறேன். பட்டறைக்கு எக்செல் போதும் என்று இருந்ததால் இதை இதுவரை தொட்டதில்லை. மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். என் பயிற்சிக் கம்பெனியில் சம்பளம், வாடகை, கொள்முதல், விற்பனை எல்லாம் இரண்டே நாளில் முடிந்து மீதி மாதம் முழுக்க லீவு. ஆல்ட்-ஜி அடித்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் தாவலாம். பழைய டேலியில் ஒவ்வொரு மெனுவாக இறங்கிய கை இது, பழக நாலு நாள் பிடிக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

நாத்தனார் மகன் கேன்வாவில் ஒரு டிசைன் செய்து கொடுத்தான். இடது பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் போட்டோ, டேலிக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம். பார்க்க அழகுதான். அந்த பிடிஎஃப்பை முழுதாகக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் அக்கா. ஒட்டினேன். போன் நம்பரின் பாதி படிப்புக்கு நடுவில் போய் விழுந்திருந்தது. இரண்டு பத்திகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ‘2012 ஜிஎஸ்டி கோயம்புத்தூர் பாரதியார்’ என்று ஒரு வரி. பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது சாப்ட்வேர். அதன் கண்ணுக்கு நான் இப்படித்தான் தெரிவேன் போல. ஒரே பத்தி, டேபிள் இல்லை, நட்சத்திரம் இல்லை என்று வேர்டிலேயே திரும்ப அடித்தேன். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

நௌக்ரி புரொஃபைலிலும் கை வைத்தேன். ஆள் தேடுகிறவர்கள் அங்கே வார்த்தை போட்டுத்தான் தேடுகிறார்கள். விளம்பரத்தில் ‘2பி ரீகன்சிலியேஷன்’ என்று கேட்டிருந்தால் நானும் அதே வார்த்தையைப் போட வேண்டும். ‘வரி சரிபார்ப்பு’ என்று நான் எழுதி வைத்தால் யாருக்கும் அகப்பட மாட்டேன். நோட்டீஸ் பீரியட் என்ற இடத்தில் உடனே சேரலாம் என்று போட்டதும் ராத்திரியே ஒரு போன் வந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

வாட்ஸ்அப்பில், வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 28,000. லேப்டாப்புக்குத் திருப்பித் தரும் டெபாசிட்டாக 1,500 மட்டும் கட்டுங்க என்றார்கள். கணக்குப் பிள்ளையிடமே வந்து கேட்கிறார்கள். பிளாக்.

நவம்பர் 21, வெள்ளி

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்திய தனியார் துறை முகாம். பத்து பிரதி எடுத்துப் போனேன், ஏழு கொடுத்தேன். பாதி மேஜைகளில் தேடுவது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை. ஒரு மேஜையில் இருந்தவர் தாளைப் பார்க்காமலே, ‘கல்யாணம் ஆச்சா, குழந்தையை யார் பாத்துக்குவாங்க?’ என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் ஆண், அவருக்கும் இரண்டு குழந்தைகள். அவரிடம் இந்தக் கேள்வி வரவில்லை. ‘மாமியார் பாத்துக்குவாங்க சார்’ என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பஸ் ஏறிய பிறகுதான் கோபம் வந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

எங்கே, எந்தத் தேதியில், எந்தப் பிரதியை அனுப்பினேன் என்று எக்செல்லில் எழுதி வருகிறேன். இல்லையென்றால் போன் வரும்போது எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கிறது. இதுவரை 31. போன் வந்தது நாலு. அந்த நாலும் விளம்பரத்தின் வார்த்தைகளைப் பார்த்து மாற்றி எழுதி அனுப்பியவை. ராத்திரி பதினொன்றுக்கு ஒரே மூச்சில் பதினெட்டு இடத்துக்கு அனுப்பினேனே, அதில் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். அவர் ஆபீஸ் கிளையன்ட், தையல் மெஷின் ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரம், அக்கவுண்டன்ட் திடீரென்று நின்றுவிட்டாராம். விளம்பரம் கிடையாது. இந்த மாதிரி சின்னக் கம்பெனிகள் முதலில் ஆடிட்டரைத்தான் கேட்கும். முதல் நாளே நான் போக வேண்டிய இடம் அக்கா வீடு. பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

நவம்பர் 28, வெள்ளி

முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். பயோடேட்டாவை வாங்கி, லேட் ஃபீஸ் வரியில் விரலை வைத்தார். ‘ஒரு தடவைகூடவா?’ என்றார். இல்லைங்க என்றேன். ஆறு வருஷத்தைப் பற்றி அவர் கேட்டது அவ்வளவுதான்.

டேலியில் உட்கார வைத்து ஐந்து பில் கொடுத்தார்கள். ஒன்று பெங்களூரிலிருந்து வந்தது, வெளிமாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி. ஒன்றில் பார்ட்டியின் ஜிஎஸ்டி நம்பரில் ஓர் எழுத்து குறைந்தது, எடுத்துச் சொன்னேன். கடைசியாக வாய்க் கேள்வி. ‘ஆகஸ்டுல 12 பர்சன்ட்ல வித்த மெஷின் அக்டோபர்ல திரும்பி வருதும்மா. கிரெடிட் நோட் எவ்வளவுல போடுவ?’ தையல் மெஷினுக்கு இப்போது 5 சதவீதம். ஐந்து என்று வாய் வரை வந்துவிட்டது. திரும்பி வந்த சரக்குக்குப் பழைய பில்லில் கழித்துக் கொடுப்பதுதானே கிரெடிட் நோட், அதனால் 12தான் என்றேன். அவர் தலையாட்டவில்லை, பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தார். சரி, அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க என்றார்கள். 2019இல் வாங்கியது 14,000. அதைச் சொன்னால் அதிலிருந்துதான் பேச்சு தொடங்கும் என்று அக்கா எச்சரித்திருந்தார். 22,000 என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

20,000, பிஎஃப், இஎஸ்ஐ உண்டு. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். பிஎஃப் கணக்கின் பழைய யுஏஎன் நம்பரைத் தேடி எடுத்தேன். அதில் என் பெயர் அப்பா இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் வீட்டுக்காரர் பெயரோடு. திருத்த விண்ணப்பம் போட வேண்டும். 11ஆம் தேதி அவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1, விற்பனை ரிட்டர்ன். ஆகஸ்டிலிருந்து 2பியை யாரும் திறந்தே பார்க்கவில்லையாம்.

ராத்திரி கொழுந்தனார் போன். ‘அண்ணி, 25ஆம் தேதி சலான் யாரு கட்டுவாங்க?’

‘நானே கட்டறேன். மாசம் ஆயிரத்தி ஐநூறு.’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ‘சீல் வெச்சு லெட்டரைக் குடுத்தனுப்பறேன் அண்ணி’ என்றார்.