ஸ்ட்ராபெர்ரி குச்சி ஐஸ்: மார்ச், ஏப்ரல் குறிப்புகள்

8 மார்ச் 2025, சனி

கோத்தகிரியில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது, மலை இறங்குவதற்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு அக்காவிடம் ஸ்ட்ராபெர்ரி இரண்டு கிலோ வாங்கினோம். காலையில் பறித்ததாம். நம்மையே பொறுக்கிக்கொள்ள விட்டார்.

நுனியிலிருந்து காம்படி வரைக்கும் சிவந்திருப்பதை மட்டும்தான் எடுத்தேன். வாழை, மாம்பழம் போல வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கிற பழம் இல்லை இது. செடியை விட்டு வந்தபிறகு நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. தோள் வெளுத்த பழத்தில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் சர்க்கரைதான் தெரியும். நல்ல பழத்துக்கு வாசனையே அடையாளம். பழக்கூடைக்குப் பக்கத்தில் போனாலே வர வேண்டும்.

பெட்டியில் அடுக்கினால் அடிப்பழம் நசுங்கிவிடும். கல்யாண வீட்டுத் தாம்பாளம் இரண்டு கையில் இருந்தது, செய்தித்தாள் விரித்து ஒற்றை வரிசையாகப் பரப்பி மடியில் வைத்துக்கொண்டே கோயமுத்தூர் வந்து சேர்ந்தேன்.

9 மார்ச், ஞாயிறு

அத்தை ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இத்தன புளிப்பா இருக்குது, இதுல ஐஸ் போட்டா புள்ள திங்குமா?" என்றார்கள். அந்தப் புளிப்புதான் எனக்கு வேண்டும். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். வெறும் இனிப்பாக உள்ள பழம் உறைந்தால் சப்பென்று ஆகிவிடும். புளிப்பு இருந்தால்தான் பழம் பழமாக நிற்கும்.

காம்போடு வைத்தே குழாயடியில் அலசினேன். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் உள்ளே தண்ணீர் ஏறும். துணியில் ஒற்றி ஈரம் போனதும் காம்பு நீக்கி, நான்காக நறுக்கினேன். நறுக்கிய பழம் 400 கிராமுக்குச் சர்க்கரை 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. புரட்டி அரை மணி நேரம் மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

இந்த அரை மணி நேரத்தைக் குறைக்கவே கூடாது. முதலில் சர்க்கரை பழத்தின்மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் மணிகளின் ஓரம் கரைந்து பளபளவென்று வரும். அப்புறம் கிண்ணத்தைச் சாய்த்தால் அடியில் சிவப்பாகச் சாறு ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, அடுப்பையும் தொடவில்லை. பழத்துக்குள் இருக்கிற நீரைச் சர்க்கரை வெளியே இழுத்துக்கொள்கிறது. பழத்தைக் கொதிக்க வைத்துச் செய்கிறவர்கள் உண்டு. ஜாமுக்கு அது சரி. ஐஸுக்குப் பச்சைப்பழ வாசனைதான் உயிர், அது கொதியில் போய்விடும்.

மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு இரண்டு சுற்று. நைசாக அரைத்தால் மேலே உள்ள விதை உடைந்து லேசாகக் கசப்பு தட்டும், நுரையும் ஏறி நிறம் வெளிறும். அங்கங்கே துண்டு இருக்கட்டும். கடைசியில் அரை மூடி எலுமிச்சை. புளிப்பில் அந்தச் சிவப்பு இன்னும் துலக்கமாகும். ஊற்றிக் கலக்கும்போது கண்ணெதிரே தெரியும்.

10 மார்ச், திங்கள்

அச்சு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் உள்ள சின்ன எவர்சில்வர் காபி டம்ளர் போதும். பிளாஸ்டிக்கைவிட அதில் குளிர் சீக்கிரம் ஏறும். வாய் அகன்றிருப்பதால் எடுக்கவும் சுலபம். 400 கிராம் பழத்துக்கு ஆறு டம்ளர் வரும். விளிம்பு வரை ஊற்றாமல் அரை விரல் இடம் விட வேண்டும், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். மேலே அலுமினியத் தாளை இழுத்து மூடி, நடுவில் கத்தி முனையால் கீறி, குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும்.

ஃபிரீசரில் பின்சுவரை ஒட்டி, தட்டின்மேல் வைத்தேன். கதவோரம் வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் அங்கேதான் சூடு படும்.

இன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் பாப்பா கேட்ட முதல் கேள்வி ஐஸ் பற்றித்தான். டம்ளரைச் சாதாரணத் தண்ணீரில் பத்துப் பதினைந்து எண்ணும் வரை பிடித்து, குச்சியைத் திருகாமல் நேராக இழுத்தேன். வந்துவிட்டது. குச்சி ஐஸ் கண்டுபிடித்தது ஒரு சின்னப் பையன் என்று சொன்னேன், நம்பவில்லை. 1905ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன் குளிர்பானம் செய்கிற சோடாத்தூள் கலந்த தண்ணீரைக் கலக்கு குச்சியோடு ராத்திரி வாசல் திண்ணையில் விட்டுவிட்டானாம், காலையில் அது குச்சியோடு உறைந்திருந்ததாம். பெரியவனாகி 1924ல் அவர் காப்புரிமை வாங்கினார். அதுதான் பாப்சிகிள். "அவனுக்கு அவங்கம்மா திட்டலியா?" என்று கேட்டாள்.

15 மார்ச், சனி

பக்கத்து வீட்டு அக்கா, தன் வீட்டில் போட்டால் உறிஞ்ச உறிஞ்ச நிறமெல்லாம் போய் வெறும் ஐஸ்கட்டி குச்சியில் நிற்கிறது என்றார்கள். பெட்டி ஐஸ்காரரிடம் வாங்கித் தின்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது. சிரப்பைத் தண்ணீரில் கலந்து உறைய வைத்தால் முதலில் உறைவது சுத்தத் தண்ணீர். சர்க்கரையும் நிறமும் ஒதுங்கி, ஐஸ் படிகங்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் பாகாகத் தேங்கிக்கொள்ளும். வாயில் வைத்து உறிஞ்சினால் அந்தப் பாகு முதலில் வந்துவிடும், மிச்சம் வெள்ளை ஐஸ். மெதுவாக உறைய உறைய படிகம் பெரிதாகும், சந்தும் பெரிதாகும்.

பழக்கூழ் மட்டும் என்றால் அப்படி நடக்காது. பழத்தின் நாரும், பெக்டின் என்கிற பழப்பசையும் பாகைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே நீர்தான். அதற்கு மேல் நாம் ஏன் ஊற்ற வேண்டும்? அக்கா அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி பழம் போட்டிருக்கிறார்கள். தண்ணீரை விட்டுவிடுங்கள் அக்கா, பழம் குறைவாக இருந்தால் ஐஸும் குறைவாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சர்க்கரையைப் பாதியாக்கலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, உறைநிலையைக் கீழே இறக்குகிறது. ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியிலும் கொஞ்சம் உறையாத பாகு உள்ளே மிஞ்சுவதால்தான் பல் இறங்குகிறது. குறைத்தால் கல். அதிகமாகக் கொட்டினால் சரியாக இறுகாமல் குச்சி தனியாகக் கழன்று வரும். ஊற்றும்முன் சுவைத்துப் பார்க்கும்போது ஒரு பிடி கூடுதல் இனிப்பாகத் தெரிந்தால் சரியாக இருக்கும். நாட்டுச் சர்க்கரை எனக்குப் பிடிக்கும், ஆனால் இதில் அதன் வாசனை பழத்தை அமுக்கிவிடுகிறது.

23 மார்ச், ஞாயிறு

இவர் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் கொண்டுவந்தார். முதல் பால் கெட்டியாகப் பிழிந்து, சர்க்கரையும் உப்பும் கலந்து டம்ளரில் கால்வாசி ஊற்றி இறுக வைத்தேன். அதன்மேல் ஸ்ட்ராபெர்ரி. கீழே உள்ளது நன்றாக இறுகும் முன்பே ஊற்றினால் இரண்டும் கலங்கிவிடும், முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் கொழுப்பு இருப்பதால் அந்தப் பக்கம் பஞ்சாக இருக்கிறது, பழத்தின் பக்கம் கரகரவென்று. இளநீரிலும் போடலாம் என்றார் இவர். இளநீரில் சர்க்கரை குறைவு, தனியாக உறைந்தால் பாறை. வழுக்கையையும் சேர்த்து அரைத்து, சர்க்கரை கூட்டினால் ஒத்துவரும்.

அத்தைக்கு விதை பல்செட்டுக்குள் போய் உறுத்துகிறது. அவர்களுக்கு மட்டும் கூழை வடிகட்டி ஊற்றினேன். வடிகட்டியதில் நிறம் பட்டுச்சேலை போல அப்படியொரு மினுமினுப்பு. புளிப்பு என்று சொன்னவர்கள் இரண்டாவது கேட்டார்கள். "அப்பத்தாவுக்கு மட்டும் ரெண்டா?" என்று பாப்பா சண்டைக்கு நிற்கிறாள்.

6 ஏப்ரல், ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. மலையிலிருந்து வருகிற பழமும் சின்னதாகி, சீக்கிரம் துவண்டுபோகிறது. கிடைத்த ஒரு கிலோவையும் காம்பு நீக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, அப்புறம் காற்றில்லாமல் கட்டி ஃபிரீசரில் போட்டுவிட்டேன். இனி வேண்டும்போது எடுத்துச் சர்க்கரையில் புரட்டினால் போதும். உறைந்து இளகிய பழம் இன்னும் சீக்கிரம் சாறு விடும்.

போட்டு வைத்த ஐஸை டம்ளரிலேயே விடாமல், எடுத்து பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் அடைத்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அதற்குமேல் மேற்பரப்பில் பனி படிந்து வாசனை குறையும்.

அடுத்தது செந்தூரம். மாம்பழத்தில் இயல்பாகவே இனிப்பு அதிகம், ஸ்ட்ராபெர்ரிக்குப் போட்ட சர்க்கரையில் பாதி போதும், எலுமிச்சை மட்டும் கூட வேண்டும். சந்தையில் நல்ல பழம் வந்ததும் போட்டுப் பார்த்து எழுதுகிறேன்.